ஹாப்ஸ் வாசம் மூன்றே வாரத்தில் எங்கே போகிறது? வீட்டு பியரில் காற்று புகாமல் பார்த்துக்கொள்ளும் வழி

என் முதல் ஹேஸி ஐபிஏவை, அதாவது ஹாப்ஸ் என்னும் வாசப் பூவை அள்ளிப் போட்டுச் செய்யும் கலங்கலான பியரை, பாட்டிலில் அடைத்துப் பத்தாம் நாள் திறந்தேன். மூடியை நெம்பியதுமே பழ வாசம் அறை முழுக்க. வெயில் பட்ட வைக்கோல் நிறம், மேலே கெட்டியான வெள்ளை நுரை. நானே குடித்துவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த பாட்டிலை நண்பர்களுக்கென்று இருபத்தைந்தாம் நாள் திறந்தால், பெயிண்ட் பிரஷ் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் கலந்த பழுப்பு டம்ளரில் இறங்குகிறது. வாசம் அறவே இல்லை. நாக்கில் தேன் மாதிரி ஒரு மந்தமான இனிப்பு, அதற்குப் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

ஹாப்ஸ் பழசோ, தண்ணீர் சரியில்லையோ, ஈஸ்ட் சொதப்பிவிட்டதோ என்று அடுத்த இரண்டு தடவை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றுமே மாறவில்லை. கடைசியில் பார்த்தால் பாட்டில் கழுத்தில் நான் விட்டிருந்த இரண்டு விரற்கடை காற்றுதான் வேலையைக் காட்டியிருக்கிறது. அது போதுமா என்று நீங்கள் நினைக்கலாம். தாராளமாகப் போதும், கணக்கு கீழே இருக்கிறது.

இந்தக் கட்டுரை ஒன்றிரண்டு முறை பியர் போட்டுப் பழகிவிட்டு, இப்போது ஹாப்ஸ் தூக்கலான பியர் பக்கம் வருகிறவர்களுக்கு. வீட்டில் பியர் போடுவதற்கு நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறிக் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான். ஹாப்ஸிலும் மால்ட்டிலும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாலிஃபீனால்கள் உண்டு, ஆக்சிஜன் பட்டால் அவை நிறம் மாறும். வாசம் தரும் எண்ணெய்களும், பழ மணத்துக்குக் காரணமான தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்களும் அதே ஆக்சிஜனால் சிதைந்து வாசமற்ற வேறு எதுவாகவோ ஆகிவிடும். பியரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் இரும்பு, செம்பு, மாங்கனீசு ஆகியவை இந்த வேலையை முடுக்கிவிடும். ட்ரை ஹாப் போடும்போது, அதாவது கொதிக்க வைக்காமல் பியரிலேயே ஹாப்ஸை ஊறவிடும்போது, ஹாப்ஸிலிருந்து பாலிஃபீனாலும் மாங்கனீசும் கூடுதலாக பியரில் இறங்குகின்றன. ஆக, எந்த பியருக்கு நாம் அள்ளி அள்ளி ஹாப்ஸ் போடுகிறோமோ அதுதான் காற்றுக்கு முதலில் பலியாகும். ஸ்டவுட் என்ற கறுப்பு பியரில் இதே தப்பைச் செய்துவிட்டு ஆறு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

இப்போது கணக்கு. நல்ல வணிகப் பியர் ஆலைகள் அடைத்த பியரில் லிட்டருக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராமுக்குள் ஆக்சிஜன் இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன. அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் கழுத்தில் நீங்கள் 20 மில்லி காற்றை விட்டு மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், எனவே 4 மில்லிக்குச் சற்று மேல், எடை ஏறக்குறைய 5.5 மில்லிகிராம். அரை லிட்டர் பியருக்கு 5.5 என்றால் லிட்டருக்கு 11. ஆலைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் எல்லையைப் போல நூறு மடங்குக்கும் மேல். பாட்டிலில் இருக்கும் ஈஸ்ட் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது தின்று முடிக்கும்வரை ஹாப்ஸ் காத்திருக்காது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெயில் பட்ட பியரில் வரும் நாற்றம் வேறு விவகாரம், அது வெளிச்சமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்து செய்வது, பழுப்பு பாட்டிலும் இருட்டும் இருந்தால் வராது. புளிப்பு வந்தால் கிருமி. நிறம் மங்கி, வாசம் வற்றி, தேனும் அட்டையும் வந்தால்தான் ஆக்சிஜன். பெரும்பாலும் வாசம்தான் முதலில் போகும். நிறம் மாறும்போது காரியம் கைமீறியிருக்கும்.

ஆக்சிஜன் வேண்டிய ஒரே நேரம்

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர் ஈஸ்ட் போடும் நாளிலேயே பயந்து பயந்து வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் கஷாயத்தை) ஊற்றுவார்கள். அங்கே பயம் வேண்டாம். ஆறிய வோர்ட்டில் ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் தேவை, லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம். ஃபெர்மெண்டரில், அதாவது நொதிக்க வைக்கும் பாத்திரத்தில், தடாலடியாக ஊற்றுங்கள், நன்றாகக் குலுக்குங்கள். உலர் ஈஸ்ட் பாக்கெட் என்றால் இந்தக் குலுக்கல்கூடப் பெரும்பாலும் அவசியமில்லை. சில மணி நேரத்தில் ஈஸ்ட் எல்லா ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். நுரை கட்டத் தொடங்கிவிட்டால் அதோடு காற்றுக்குக் கதவடைப்பு.

கொதிக்கும் கட்டத்திலும் மால்ட் ஊறும் கட்டத்திலும் காற்று படலாமா கூடாதா என்று வெகுகாலமாகச் சண்டை நடக்கிறது. புதியவர்கள் அதில் தலையிட வேண்டாம் என்பது என் கருத்து. குளிர்ந்த பிறகு நாம் செய்யும் தப்புகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை, முதலில் அவற்றைச் சரிசெய்வோம்.

எந்தப் பாத்திரம், எந்த டியூப்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். பிளாஸ்டிக் வாளி மெதுவாகக் காற்றை உள்ளே விடும், பெட் பிளாஸ்டிக் அதைவிடப் பரவாயில்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கண்ணாடியும் விடவே விடாது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் பாட்டிலுக்குப் போகப்போகும் பியருக்கு, மூடி இறுக்கமாக இருக்கும் சாதா வாளி போதும். வாளியின் மூடியில் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே டேப் (திறந்து மூடும் குழாய்) உள்ளதாக வாங்குங்கள், பின்னால் அதன் அருமை தெரியும். ஃபெர்மெண்டர் ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், 20 லிட்டர் பியருக்கு 25 லிட்டர் பாத்திரம் சரி, 40 லிட்டர் பாத்திரத்தில் பாதி காலி இடம்தான் இருக்கும்.

டியூப் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. சிலிகான் டியூப் வளைக்க வசதி, கொதிநீரைத் தாங்கும், ஆனால் ஆக்சிஜனுக்கு அது வலை மாதிரி. சூடான வோர்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பியர் போகும் பாதையில் சாதாரண வினைல் டியூப் மேல்.

இரண்டாவது பாத்திரத்துக்கு மாற்றுவது என்று பழைய குறிப்புகளில் ஒரு படி இருக்கும். ஹாப்ஸ் பியருக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். தெளிவு வேண்டுமென்று மாற்றப் போய், தெளிவாகக் கெட்டுப்போன பியர்தான் கிடைக்கும்.

நொதிக்கும்போது வேடிக்கை பார்ப்பது

20 லிட்டர் நடுத்தர பியர், ஆரம்ப அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து அளப்பது, சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.050 அளவில், நொதித்து முடிப்பதற்குள் ஏறக்குறைய 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளும். ஃபெர்மெண்டருக்குள் இருந்த காற்றை அதுவே பல தடவை கழுவித் துடைத்து வெளியே அனுப்பிவிடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான், நடுவில் திறந்து அதைக் கெடுக்காமல் இருப்பது.

"கார்பன் டை ஆக்சைடு கனமானது, பியர் மேல் போர்வை மாதிரி படுத்திருக்கும், கொஞ்ச நேரம் திறந்தால் ஒன்றுமில்லை" என்று யாராவது சொல்வார்கள். போர்வையெல்லாம் கிடையாது. வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், நீங்கள் மூடியைத் தூக்கும் வேகமே உள்ளே காற்றைச் சுழற்றிவிடும். நொதித்தல் மும்முரமாக நடக்கும்போது திறந்தால் புதிதாக வரும் கேஸ் மறுபடி கழுவிவிடும். நொதித்தல் அடங்கிய பிறகு திறந்தால், உள்ளே போனது போனதுதான்.

அடர்த்தி பார்க்க மாதிரி எடுப்பதும் இதே கணக்கு. டேப்பில் 100 மில்லி பியர் வெளியே வந்தால் ஏர்லாக் (கேஸை வெளியே விட மூடியில் மாட்டும் தண்ணீர் அடைப்பு) வழியாக 100 மில்லி காற்று உள்ளே போகும். தினமும் ஒன்று எடுத்து ருசி பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ட்ரை ஹாப்புக்கு முன் ஒன்று, கடைசியில் இரண்டு, அவ்வளவு போதும்.

ட்ரை ஹாப்: எப்போது போடுவது என்பதுதான் கேள்வி

நொதித்தல் முழுக்க முடிந்து, ஏர்லாக் அமைதியாகி, ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்து ஹாப்ஸைக் கொட்டுவதுதான் பழைய முறை. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். மூடியைத் திறந்ததால் போன காற்று ஒரு பக்கம், ஹாப்ஸ் பெல்லட் (பொடித்து அழுத்திய சின்னத் துண்டு) தன் இடுக்குகளில் சுமந்துகொண்டு போகும் காற்று இன்னொரு பக்கம், அதைத் தின்னச் சுறுசுறுப்பான ஈஸ்ட்டும் இல்லை.

அதற்குப் பதில் நொதித்தல் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே போட்டுவிடுங்கள். உங்கள் பியர் 1.012இல் நிற்கும் என்று எதிர்பார்த்தால், 1.016 அல்லது 1.017 காட்டும்போது போடலாம். அப்போது ஈஸ்ட்டுக்கு இன்னும் பசி இருக்கும், உள்ளே போகும் ஆக்சிஜனை அது பிடித்துக்கொள்ளும், வெளிவரும் கேஸ் மிச்சத்தைத் தள்ளிவிடும். வெளியேறும் கேஸோடு கொஞ்சம் ஹாப்ஸ் வாசமும் போகும் என்பது இதில் உள்ள நஷ்டம். அந்த நஷ்டத்தை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் மிஞ்சும் வாசம் இரண்டு மாதம் நிற்கிறது.

செய்யும் விதம் இது. ஹாப்ஸை முன்பே எடை போட்டு, சுத்தமான கிண்ணத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மூடியை முழுக்கக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, உள்ளே போட்டு, உடனே அழுத்தி மூடுங்கள். பத்து வினாடிக்குள் முடிய வேண்டிய வேலை. முதலில் ஒரு பிடி மட்டும் போட்டுப் பாருங்கள். பியரில் கரைந்திருக்கும் கேஸ் பெல்லட்டைப் பிடித்துக்கொண்டு குபுகுபுவென்று நுரையாக எழும்பும், நான் ஒருமுறை மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தரையைத் துடைத்த கதை உண்டு.

திறக்கவே வேண்டாம் என்றால் காந்த வித்தை இருக்கிறது. ஹாப்ஸை ஒரு மெல்லிய வலைப்பையில் போட்டு, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் ஒட்டிய ஒரு காந்தத்தையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ஈஸ்ட் போடும் நாளிலேயே அதை வோர்ட்டுக்கு மேலே பாத்திரத்தின் உட்சுவரில் வைத்து, வெளியே இன்னொரு காந்தத்தால் பிடித்து நிறுத்துங்கள். நேரம் வந்ததும் வெளிக் காந்தத்தை எடுத்தால் பை தானாக விழும். இரும்பில் காந்தம் ஒட்டுவது போல் இங்கே பாத்திரம் ஒட்ட வேண்டியதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் போதும். நுரை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் வாசம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை, பச்சை இலைக் கசப்புதான் ஏறுகிறது. ஆரம்பத்தில் 5 அல்லது 6 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஊறினால் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தாகிவிடும்.

ஒரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹாப்ஸில் இருக்கும் நொதிகள், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரையை உடைத்துக் கொடுத்து நொதித்தலை மறுபடி கிளப்பிவிடும். இதை ஹாப் க்ரீப் என்பார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்த பியர் இன்னும் இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) இறங்கும். அது முடியும் முன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும், விளையாட்டில்லை. ட்ரை ஹாப் போட்ட பிறகு இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, அடர்த்தி அசையாமல் நின்றால் மட்டுமே அடுத்த படி. முகர்ந்தால் வெண்ணெய் வாசம் வருகிறதா? இன்னும் சில நாள் அறை வெப்பத்திலேயே விடுங்கள், ஈஸ்ட் அதைச் சுத்தம் செய்துவிடும்.

குளிர வைக்கும்போது ஏர்லாக்கைப் பாருங்கள்

ஹாப்ஸ் துகள் அடியில் படியட்டும் என்று ஃபெர்மெண்டரை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பார்கள். நானும் வைத்தேன். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் சும்மா எட்டிப் பார்த்தால், ஏர்லாக்கில் குமிழி வருகிறது. முடிந்த பியரில் என்ன குமிழி என்று குனிந்து பார்த்தேன். குமிழி தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது, வெளியிலிருந்து உள்ளே, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

பியருக்கு மேலே காலி இடத்தில் உள்ள வாயு குளிர்ந்து சுருங்குவது கொஞ்சம்தான். பெரிய இழுப்பு எங்கிருந்து வருகிறது என்றால், குளிர்ந்த பியர் அதிகக் கேஸைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் பியரில் 0.85 லிட்டர் அளவு கார்பன் டை ஆக்சைடு நிற்கும், 2 டிகிரியில் 1.6 லிட்டர் வரை நிற்கும். மேலே இருக்கும் கேஸை பியர் குடிக்கக் குடிக்க, அந்த இடத்துக்குக் காற்று வந்து உட்காரும்.

வழிகள் மூன்று. ஒன்று, குளிர வைக்காமலே அடைப்பது. பாட்டிலின் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும், அவ்வளவுதான். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இரண்டு, நொதித்தல் நடக்கும்போதே ஒரு ஃபாயில் பலூனை ஏர்லாக் துளையில் மாட்டி, வெளிவரும் கேஸால் அதை நிரப்பி வைத்துக்கொள்வது, குளிரும்போது ஃபெர்மெண்டர் அந்தக் கேஸையே திரும்ப இழுத்துக்கொள்ளும். சாதா ரப்பர் பலூன் ஒரு நாள் தாங்கும், அதற்குமேல் அதன் வழியாகவே காற்று கசியும். பலூன் முழுதாக நிரம்பியதும் கழற்றி, நுனியைக் கிளிப் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு ஏர்லாக்கை மாட்டுங்கள், இல்லையென்றால் அழுத்தம் ஏறும். மூன்று, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில் கேஸ் கொடுப்பது. கண்ணாடி ஜாடிக்கும் வாளிக்கும் அழுத்தம் கொடுக்கவே கூடாது, கண்ணாடி உடைந்தால் ஆளையே பதம் பார்த்துவிடும்.

பாட்டிலில் அடைக்கும் நாள்

இதுவரை படித்ததில் பாதியை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இரண்டு வாரம் காப்பாற்றியதை ஒரு மணி நேரத்தில் தொலைக்கும் இடம் இதுதான், எனக்கு எல்லாமே இங்கேதான் போயிற்று.

வழக்கமான முறையில், பியரை சைஃபன் வைத்து இன்னொரு வாளிக்கு மாற்றி, சர்க்கரைப் பாகு ஊற்றி, கரண்டியால் கலக்கி, பிறகு பாட்டிலில் பிடிப்பார்கள். திறந்த வாளி, கலக்கல், சைஃபன் மூட்டில் உள்ளே இழுக்கும் காற்று. அந்த வாளியையே ஒழித்துவிடுங்கள். ஃபெர்மெண்டரின் டேப்பிலிருந்தே நேராகப் பாட்டிலுக்குப் போகலாம்.

சர்க்கரையை எப்படிச் சேர்ப்பது? பாட்டிலிலேயே. 20 டிகிரி அளவில் நொதித்த பியருக்கு அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம் வெள்ளைச் சர்க்கரை போட்டால் நடுத்தரமான, பியரின் கன அளவைப் போல 2.4 மடங்கு கேஸ் கிடைக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்பூனால் அள்ளிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும், அளவும் ஏறி இறங்கும். 120 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, சில நிமிடம் கொதிக்க வைத்து, மொத்தம் 400 மில்லி வரும்படி கொதித்த தண்ணீரால் நிரவி ஆறவிடுங்கள். கிருமி நீக்கிய சிரிஞ்சால் பாட்டிலுக்கு 10 மில்லி. நாற்பது பாட்டிலுக்குக் கச்சிதமாக வரும். பாட்டில் சின்னது என்றால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் நிரப்பும் குழாய் என்று ஒன்று கிடைக்கும், நுனியில் சின்ன வால்வோடு, அடியில் அழுத்தினால் திறக்கும், தூக்கினால் மூடும். டேப்புக்கும் அதற்கும் நடுவே இரண்டு அங்குல டியூப் போதும். டேப்பைத் திறந்ததும் டியூபுக்குள் இருக்கும் காற்று முதலில் வரும், அந்த முதல் அரை டம்ளரை வீணாக விட்டுவிடுங்கள், அதுவே உங்கள் கடைசி அடர்த்தி மாதிரியாகவும் ஆகட்டும். டியூபில் எங்காவது ஒரு குமிழி ஒரே இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தால் அந்த மூட்டில் காற்று கசிகிறது என்று அர்த்தம், கிளாம்பை இறுக்குங்கள்.

குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, பியர் வாய்வரை ஏறும்வரை நிரப்புங்கள். வாய்வரை என்றால் விளிம்பில் தளும்பும்வரை. பிறகு குழாயை உருவினால், குழாய் பிடித்திருந்த இடம் காலியாகி மட்டம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும். எல்லோரும் இந்த இடத்தில் மூடியைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் போடாதீர்கள். வால்வின் நுனியைப் பாட்டில் கழுத்தின் உட்சுவரில் மெதுவாக ஒத்தி, பியர் சுவரில் வழிந்து இறங்கும்படி இன்னும் கொஞ்சம் விடுங்கள். விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். இப்போது கழுத்தில் இருப்பது இரண்டரை மில்லி காற்று. முன்பு லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்தோமே, அது இப்போது ஒன்றரைக்குள் வந்துவிட்டது. பணம் ஒரு பைசா செலவில்லை.

அந்த ஒரு சென்டிமீட்டரையும் ஏன் விட வேண்டும் என்றால், சூடு ஏறும்போது பியர் விரியும், விரிய இடமில்லையென்றால் அழுத்தம் பாட்டிலின் மேல் விழும்.

நிரப்பிய உடனே மூடியை மேலே வையுங்கள், அடுத்த நிமிடமே அழுத்துங்கள். நாற்பதையும் நிரப்பி வரிசையாக நிறுத்திவிட்டு அப்புறம் மூடலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் ஒருவர் நிரப்ப ஒருவர் மூடலாம், தனியாள் என்றால் நாலு நாலாகப் போங்கள். கையில் சிலிண்டர் இருந்தால் மூடுவதற்கு முன் கழுத்தில் ஒரு கணம் கேஸ் காட்டுங்கள்.

கண்ணாடி பாட்டிலே இல்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த ஒரு தந்திரம். சோடா அடைத்து வரும் பெட் பாட்டில், திருகு மூடியோடு. பியரை முக்கால் வாய்க்கு நிரப்பி, பாட்டிலின் வயிற்றை அமுக்குங்கள். பியர் கழுத்தில் ஏறி விளிம்பைத் தொடும். அமுக்கிய கையை எடுக்காமலே மூடியைத் திருகுங்கள். உள்ளே காற்றே இல்லை! நசுங்கின மாதிரி அசிங்கமாக இருக்கும் பாட்டில், சில நாளில் கேஸ் ஏறியதும் புடைத்துக்கொண்டு கல் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு கேஸ் ஏறியிருக்கிறது என்பதும் தொட்டாலே தெரியும். பெட் பிளாஸ்டிக் வழியாக மாதக் கணக்கில் காற்று கசியும், ஆனால் ஐபிஏவை மாதக் கணக்கில் யார் வைத்திருக்கப் போகிறார்கள்.

கெக் இருந்தால்

கெக், அதாவது பியரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாய், வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பது தப்பு, திறந்த கெக்கில் பியரை ஊற்றி மூடினால் அது ஒரு பெரிய பாட்டில், அவ்வளவே.

காலிக் கெக்கில் கேஸ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றலாம் என்பார்கள். 30 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி வெளியே விட்டால் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மூன்று தடவைக்குப் பிறகும் முக்கால் சதவீதம் மிச்சம் இருக்கும். பத்து தடவை செய்தால் சுத்தமாகும், கேஸும் அந்த அளவுக்குக் கரையும்.

நல்ல வழி, கெக்கை, பிறகு தண்ணீரில் அலசத் தேவையில்லாத சானிடைசர் கரைசலால் விளிம்புவரை நிரப்பி மூடி, கேஸால் அதை முழுக்க வெளியே தள்ளுவது. தண்ணீர் இருந்த இடமெல்லாம் கேஸ் வந்துவிடும். மூடியின் குழிவில் ஒரு காற்றுத் திட்டு ஒளிந்திருக்கும், மூடுவதற்கு முன் கெக்கைச் சற்றுச் சாய்த்து அசைத்தால் அதுவும் வந்துவிடும். இதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு: நொதிக்கும்போது ஃபெர்மெண்டரிலிருந்து வரும் டியூபை கெக்கின் பியர் வாயிலில் மாட்டி, கேஸ் வாயிலிலிருந்து இன்னொரு டியூபை ஒரு ஜாடித் தண்ணீரில் விட்டுவிட்டால், அந்த 400 லிட்டர் கேஸும் 19 லிட்டர் கெக்கின் வழியாகவே போகும். இதற்கும் மேலே ஒரு சுத்தம் தேவையில்லை.

மாற்றும்போது கெக்கின் மூடியைத் திறக்கக் கூடாது. ஃபெர்மெண்டரை மேசை மேல், கெக்கைத் தரையில். டேப்பிலிருந்து கெக்கின் பியர் வாயிலுக்கு ஒரு டியூப், கெக்கின் கேஸ் வாயிலிலிருந்து ஃபெர்மெண்டரின் ஏர்லாக் துளைக்கு இன்னொரு டியூப். கெக்கின் அழுத்தத்தை முதலில் இறக்கிவிட்டு மாட்டுங்கள். பியர் இறங்க இறங்க, கெக்கில் இருந்த கேஸ் மேலே போய் அதன் இடத்தை நிரப்பும். உள்ளுக்குள்ளேயே ஒரு வட்டம், வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. ஹாப்ஸ் துகள் வால்வில் அடைத்துக்கொண்டு பாதியில் நின்றுபோகும் என்பது ஒன்றுதான் தலைவலி, அதற்கு ஹாப்ஸைப் பையில் போட்டிருப்பது நல்லது. கேஸ் கசியும் வேலை எதையும் சன்னல் மூடிய சின்ன அறையில் செய்யாதீர்கள்.

மாத்திரை மருந்து

அடைக்கும்போது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கொஞ்சம் சேர்ப்பவர்கள் உண்டு, 20 லிட்டருக்கு 0.2 முதல் 0.3 கிராம், ஆறிய தண்ணீரில் கரைத்து. இந்த அளவில் பாட்டிலில் ஈஸ்ட் வேலை செய்வது நிற்காது, ஓரளவு பலனும் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சல்ஃபைட் ஆகாமல் போகலாம், பாட்டிலைக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தைத் தனியாகப் போடுவது எனக்கு உடன்பாடில்லை, உலோகம் இருக்கும் இடத்தில் அது தனியாக இருந்தால் ஆக்சிஜனேற்றத்துக்கே கைகொடுக்கும். எப்படியும் கழுத்தில் 20 மில்லி காற்றை விட்டுவிட்டு இந்தப் பொடியை நம்புவது, கூரையில் ஓட்டையை விட்டுவிட்டு வாளி வைப்பது மாதிரி.

அடைத்த பிறகு

கேஸ் ஏறுவதற்கு இரண்டு வாரம் 20 டிகிரி பக்கம் இருட்டில் வையுங்கள். பிறகு மொத்தமும் ஃபிரிட்ஜுக்கு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வேதிவினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்கு ஆகும், அதனால் அலமாரியில் ஒரு வாரம் என்பது ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்குச் சமம் என்றுகூடச் சொல்லலாம். இடம் பத்தாது என்றால் குறைவாகப் போடுங்கள். ஹாப்ஸ் பியரைச் சேர்த்து வைக்க ஆசைப்படாதீர்கள். திறந்த ஹாப்ஸ் பாக்கெட்டையும் இதே மாதிரி பாருங்கள், காற்றைப் பிதுக்கி ஒட்டி ஃப்ரீசரில் வையுங்கள். பழைய சீஸ் நாற்றம் அடித்தால் தூக்கிப் போடுங்கள், அதை ட்ரை ஹாப்புக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஆக்சிஜனைத் திட்டக் கூடாது.

முதல் தடவை இதையெல்லாம் செய்யும்போது மூன்று பாட்டிலை மட்டும் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒன்றை மேலே சொன்னபடி ஒரு சென்டிமீட்டர் விட்டு நிரப்புங்கள். இன்னொன்றை வழக்கம்போல் குழாயை உருவியதும் அப்படியே மூடுங்கள். மூன்றாவதில் கழுத்து முழுக்கக் காலியாக விடுங்கள். மூடியில் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் ஃபிரிட்ஜில் வைக்காமல் அறையிலேயே நாலு வாரம் விட்டு, ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மூன்று டம்ளரில் ஊற்றி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நான் இதைச் செய்தபோது மூன்றாவது டம்ளர் தேநீர் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதை வேறு பியர் என்றே நினைத்து, இது எந்த வகை என்று கேட்டார்.